தியோமான் தீவைக் கயாக்கில் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சீனக் கடலில், மலேசியாவின் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தீவு தியோமான். அதை நாங்கள் நால்வர், ஆளுக்கு ஒரு கயாக்கில், இரவில் கரையில் கூடாரம் போட்டுத் தங்கியபடி ஆறு நாளில் சுற்றி வந்தோம். துடுப்பு வலித்தது நான்கு நாள்தான். மற்ற இரண்டு நாளும் காற்று அடங்கட்டும் என்று குந்தியிருந்தோம். ஊர் திரும்பியதிலிருந்து கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

தீவு எவ்வளவு பெரியது? மொத்தம் எத்தனை கிலோமீட்டர் வலிக்க வேண்டும்?

வடக்கு தெற்காக ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அகலம் மிகுந்த இடத்தில் 12. பரப்பளவு சுமார் 136 சதுர கிலோமீட்டர். நடுவில் காடு மூடிய மலை. உச்சியான குனோங் காஜாங் 1,038 மீட்டர் உயரம். கரையை ஒட்டியே ஒரு முழுச் சுற்று சுற்றினால் 50 முதல் 60 கிலோமீட்டர் வரும். குடாக்களுக்குள் எவ்வளவு நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து கூடும், குறையும்.

பாரம் ஏற்றிய கயாக் அமைதியான கடலில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும். "அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம், இரண்டு நாள் போதுமே" என்று என் சித்தப்பா கணக்குப் போட்டார். எதிர்க்காற்றில் அந்த ஐந்து இரண்டாகிவிடும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நினைத்தும் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்ட வைக்கிற வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் வீசுகிறது. தென்சீனக் கடலின் முழு நீளத்தையும் தாண்டி வரும் அலை, தீவின் கிழக்குக் கரையில் தடையில்லாமல் வந்து விழும். அந்த மாதங்களில் பல தங்கும் விடுதிகளே பூட்டிக் கிடக்கும், ஃபெரிகளும் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் தீபாவளி விடுமுறைக்குப் போகலாம் என்று முதலில் பேச்சு எழுந்தது. ஃபெரி புறப்படும் ஊரான மெர்சிங்கில் விசாரித்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

நல்ல மாதங்களிலும் காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு உண்டு. காலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் கடல், மதியத்துக்குப் பிறகு காற்றெடுத்து நுரை கட்டும். மலேசிய நேரப்படி இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதித்து, ஏழு மணியை ஒட்டி மறைகிறது. வெளிச்சம் வந்ததும் தண்ணீரில் இறங்குவது, பன்னிரண்டுக்குள் கரையேறிவிடுவது என்பது எங்கள் சட்டம். ஒரே ஒரு நாள் அதை மீறினோம். அதைக் கீழே சொல்கிறேன்.

அதிகாலையில் மேற்கே வானம் மை பூசியதுபோல் கறுத்திருந்தால் புறப்படாதீர்கள். சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழை வரிசை சில நாள்களில் தீபகற்பத்தைக் கடந்து இங்கேயும் எட்டிப்பார்க்கும். ஓரிரு மணி நேரத்தில் அடித்து ஓய்ந்துவிடும். அதுவரை தேநீர் போட்டுக் குடிக்கலாம்.

எங்கே தொடங்கி எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இதில் ஆளுக்கு ஒரு கட்சி. நாங்கள் மேற்குக் கரையின் தெக்கேக்கில் தொடங்கி, வடக்கே போய், வலப்பக்கமாகச் சுற்றினோம். முதல் நாள் தெக்கேக்கிலிருந்து சாலாங் வரை, எட்டு கிலோமீட்டருக்குள். இரண்டாம் நாள்தான் பெரிய நாள்: வடமுனையைச் சுற்றிக் கிழக்குக் கரை வழியாக ஜுவாரா வரை, இருபது கிலோமீட்டர் அளவு. பிறகு ஜுவாராவிலிருந்து தெற்கே முக்குட். கடைசி நாள் முக்குட்டிலிருந்து கெந்திங், பாயா கடற்கரைகளைத் தொட்டுக்கொண்டு மறுபடி தெக்கேக்.

முதல் நாளைச் சின்னதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பாரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எந்த வார் தோளை அறுக்கிறது, எந்த மூடி ஒழுகுகிறது என்பதெல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அது தெரியும்போது பக்கத்தில் ஒரு கம்போங்கும் (மலாய்க் கிராமம்) கடையும் இருப்பது நல்லது.

தென்மேற்குக் காற்றின் மாதங்களில் இந்தத் திசையில் போனால் வடக்கும் கிழக்கும் மலையின் மறைவில் இருக்கும். விலையைத் தெற்கு முனையில் கொடுக்க வேண்டும், அங்கே காற்று நேராக முகத்தில் அறையும். எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறவர்கள் அந்த வேதனையை முதலிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கை புதிதாக இருக்கும்போது கடினமான பகுதியை முடிப்பது நல்லதுதான். ஆனால் படகும் புதிது, குழுவும் புதிது என்றால் நான் வடக்கையே சொல்வேன்.

கயாக்கை எப்படித் தீவுக்குக் கொண்டு போவது?

ஜொகூரின் மெர்சிங்கிலிருந்தும் பகாங்கின் தஞ்சோங் கெமோக்கிலிருந்தும் ஃபெரி போகிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள கடல் கயாக்கை பயணிகள் ஃபெரியில் ஏற்றுவது லேசில் நடக்காது. மெர்சிங்கிலிருந்து அரிசி மூட்டையும் சிமெண்டும் ஏற்றிப் போகும் சரக்குப் படகுக்காரரிடம் பேசிப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் முந்தைய நாளே அனுப்பினோம். மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் வற்றும் நேரத்தில் படகுகள் வெளியேற முடியாது. அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். டிக்கெட்டில் போட்ட மணியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தீவின் கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக்குகள் திறந்த மேல்தட்டில் உட்கார்ந்து போகிற குட்டைப் படகுகள். விடுதி வாசலில் ஒரு மணி நேரம் விளையாட அவை போதும். பொருள் வைக்க அறை கிடையாது, நேராகவும் போகாது. அவற்றில் இந்தச் சுற்றைச் செய்யக் கூடாது.

கயாக் அனுபவம் எவ்வளவு வேண்டும்? நீச்சல் தெரியாதவர்கள் வரலாமா?

நீச்சல் தெரியாதவர்கள் வர வேண்டாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், உண்மைதான். ஆனால் பயத்தை அது தணிக்காது. பயந்தவர் பக்கத்தில் வருகிறவரையும் சேர்த்து இழுப்பார்.

அனுபவம் என்று கேட்டால், இரண்டு செய்திகளைப் பார்ப்பேன். பாரம் ஏற்றிய படகில் ஒரே மூச்சில் 15 கிலோமீட்டர் வலித்திருக்கிறீர்களா? கரை எட்டாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, இன்னொருவர் உதவியுடன் மீண்டும் ஏறியிருக்கிறீர்களா? இரண்டாவதற்கு "இல்லை" என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். புஜபலம் இதில் கடைசி. எங்கள் நால்வரில் மெலிந்தவர் அக்காதான். கடைசி நாள் மாலையில் முன்னால் போனதும் அவர்தான். துடுப்பைக் கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி வலிக்கிறார். நாங்கள் மூன்று தடியன்கள் கையால் இழுத்து, இரண்டாம் நாளே உள்ளங்கையில் கொப்புளம் கண்டோம்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

கடல் கயாக்கில் இருக்கைத் துளையை இடுப்போடு சேர்த்து மூடும் ஒரு துணி உண்டு. நாங்கள் ஸ்கர்ட் என்போம். அதன் முன்பக்கம் ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். கவிழ்ந்ததும் அந்தப் பட்டையை முன்னோக்கி இழுத்துவிட்டால் துணி கழன்றுவிடும், கால்கள் தாமாக வெளியே வந்துவிடும். புறப்படும்போது அந்தப் பட்டை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியே இருக்கிறதா என்று பக்கத்துப் படகுக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும், வெட்கப்படாமல்.

தலை வெளியே வந்ததும் படகை விடாதீர்கள். காலிப் படகை காற்று தள்ளிக்கொண்டு போகும் வேகத்தில் யாராலும் நீந்த முடியாது. உதவ வருகிறவர் கவிழ்ந்த படகின் மூக்கைப் பிடித்துத் தன் படகின் குறுக்கே இழுத்து, உள்ளிருக்கும் நீர் வடிந்ததும் நிமிர்த்தி, பக்கவாட்டில் இறுகப் பிடித்துக்கொள்வார். தண்ணீரில் இருப்பவர் பின்தட்டின் மேல் வயிற்றால் ஏறி, கால்களை உள்ளே நுழைத்துத் திரும்பி உட்கார வேண்டும். மிச்ச நீரைக் கைப்பம்பால் இறைக்கலாம். பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்.

தம்பி தெற்கு முனையில் கவிழ்ந்தபோது எங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. பாறைக்கு மிக அருகில் போய்விட்டான். கரை பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். செங்குத்துப் பாறை என்றால் கதை தலைகீழ். வருகிற அலை பாறையில் மோதித் திரும்பி, அடுத்த அலையோடு முட்டி, உலை கொதிப்பதுபோல் நீர் மேலும் கீழும் குதிக்கும். எந்தப் பக்கம் சாய்ந்து தாங்குவது என்றே தெரியாது. அதே முனையை அரை கிலோமீட்டர் தள்ளிச் சுற்றினால் வெறும் ஏற்ற இறக்கம்தான். அன்று நாங்கள் புறப்பட்டபோது மணி பதினொன்று. சட்டத்தை மீறிய நாள் அதுதான்.

கிழக்குக் கரை அவ்வளவு மோசமா?

மோசம் என்று சொல்ல மாட்டேன், தனிமை என்பேன். மேற்குக் கரையில் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒரு கம்போங், ஒரு படகுத்துறை, ஒரு தேநீர்க்கடை வந்துகொண்டே இருக்கும். அங்கே தொந்தரவே வேகப்படகுகள்தான். அவற்றின் கண்ணில் படும்படி பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். வடமுனையைத் தாண்டியதும் இதெல்லாம் அற்றுப்போகும். கிழக்குக் கரையில் ஊர் என்றால் ஜுவாரா ஒன்றுதான். அதுவரை காடு நேராக வந்து கருங்கல் பாறைகளில் முடிகிறது. இறங்கக்கூடிய மணல் அபூர்வம். ஆகவே, பாதியில் களைத்தால் எங்கே ஏறுவது என்பதைக் காலையிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அழகு என்று பார்த்தால் அந்த நாளுக்கு ஈடில்லை. ஒரு யானை உயரத்துக்கு உருண்ட பாறைகள், இடையிடையே நீர் மூச்சு விடுவதுபோல் உறிஞ்சி உமிழும் ஓசை. நால்வரும் இரண்டு மணி நேரம் பேசவே இல்லை.

எங்கே கூடாரம் போடலாம்? அனுமதி வேண்டுமா?

ஆளில்லாத கடற்கரை என்று தோன்றுவதற்கெல்லாம் பெரும்பாலும் யாரோ உரிமைக்காரர் இருப்பார். கம்போங்கை ஒட்டிய இடமென்றால் முதலில் கண்ணில் படும் பெரியவரிடம் "போலே காமி பெர்கேமா டி சீனி, பக்சிக்?" என்று கேளுங்கள், "நாங்கள் இங்கே கூடாரம் போடலாமா, ஐயா?" என்று பொருள். எங்களுக்கு யாரும் மறுக்கவில்லை. விடுதிக்காரர்கள் சிறு தொகை வாங்கிக்கொண்டு இடமும் குளியலறையும் தருவார்கள்.

இடம் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். கடைசி நீர் ஏற்றம் விட்டுச் சென்ற சருகுக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். தென்னை மரத்தடி ஆகாது, தேங்காய் நேரம் பார்த்து விழாது. மூன்றாவது, காலையில் எப்படி இறங்குவீர்கள் என்பது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். மாலையில் படகு வழுக்கிக்கொண்டு ஏறிய இடத்தில், காலையில் நூறு மீட்டருக்குப் பவளப்பாறை பல்லை இளித்துக்கொண்டு கிடக்கும். பாரத்தோடு அதன்மேல் நடந்தால் படகும் கிழியும், காலும் கிழியும், பவளமும் சாகும். நீர் ஏற்ற அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று கணக்கு வைத்தோம். சமையலுக்கும் சேர்த்து. இரண்டாம் நாள் வெயிலில் அதுவும் இழுபறிதான். தியோமானின் மலையிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன, கம்போங்குகளில் குழாய் நீரும் உண்டு. கொதிக்க வைத்துக் குடியுங்கள். எல்லாக் கம்போங்கிலும் மளிகைக்கடை இருப்பதால் ஆறு நாள் சாப்பாட்டையும் சுமக்க வேண்டாம். கிழக்குக் கரையைத் தாண்டும் வரைக்கும் இரண்டு நாளுக்கு உள்ளது கையில் இருந்தால் போதும்.

வறுத்த ரவை, வறுத்த நெத்திலி, டின் சார்டின், இட்லிப்பொடி, பேரீச்சை, பொரிவிளங்காய் உருண்டை. கடைசியாகச் சொன்னதை அம்மா வற்புறுத்திக் கொடுத்தார். கடலில் ஒரு கையால் எடுத்து வாயில் போட்டு நெடுநேரம் மென்றுகொண்டிருக்க அதைவிடச் சிறந்த பண்டம் கிடையாது. சாக்லேட் பத்து மணிக்கே கூழாகிவிட்டது.

பொருள்களை எப்படி அடுக்குவது?

கனமானது நடுவில், இருக்கையை ஒட்டி, அடியில். தண்ணீரும் டின்னும் அங்கே. படுக்கை, துணி போன்ற லேசானவை மூக்கிலும் வாலிலும். ஒரு பெரிய நீர்ப்புகாப் பையைவிட ஐந்து சிறிய பைகள் மேல், பொருள் வைக்கும் அறையின் சின்னத் துளைக்குள் பெரிய பை நுழையாது. மேல்தட்டில் எதையும் கட்டாதீர்கள். காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும்.

அறை மூடியை நம்பாதீர்கள். நான் வாடகைக்கு எடுத்த கயாக்கின் பின்மூடி ரப்பரில் முடி அளவு வெடிப்பு இருந்திருக்கிறது. சாலாங்கில் திறந்தால் உள்ளே மூன்று விரல்கடை நீர். ரவைப் பையின் வாயை நானும் சரியாக மடிக்கவில்லை. அன்றிரவு உப்புமாவுக்கு உப்புப் போட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மறுநாள் மூடியின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

புலி, பாம்பு, முதலை?

புலியும் யானையும் இந்தத் தீவில் இல்லை. பாம்புகள் உண்டு, எங்கள் கண்ணில் படவில்லை. சாலாங் ஓடையில் முதலை அளவுக்கு நீளமான உடும்புகள் நீந்தும். அவற்றுக்கு நம்மீது அக்கறையில்லை, நம் குப்பைமீது உண்டு.

உண்மையான எதிரி குரங்கு. நீண்ட வாலுள்ள அந்தக் குரங்குகளுக்குக் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். ஒன்று எங்கள் கண்ணெதிரே இரண்டு விரலால் ஜிப்பை இழுத்து, உள்ளே போய், இட்லிப்பொடி டப்பாவோடு வெளியே வந்தது. மரத்தில் ஏறி மூடியைக் கடித்துத் திறந்து, ஒரு பிடி வாயில் போட்டதும் அது எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. உணவை இரவில் கயாக்கின் அறைக்குள் பூட்டுங்கள்.

அதற்கடுத்தது மணல் ஈ. மலாயில் அகாஸ் என்பார்கள். விடியலிலும் அந்தியிலும் கடிக்கும், ஒரு வாரத்துக்கு அரிக்கும். நீண்ட கால்சட்டை போடுங்கள். கடலில் சொறிமீன் உண்டு, ஒரு சின்னப் புட்டியில் வினிகர் வைத்திருங்கள். கரையேறும் இடத்தில் கறுப்பு முள்ளெலிபோல் கிடக்கும் கடல்முள்ளியை மிதித்தால் பயணம் அங்கேயே முடிந்தது. ரப்பர் அடி கொண்ட காலணி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

வழியில் மீன் பிடித்துச் சுட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் தொலைவுக்குள் உள்ள நீர்ப்பரப்பு 1994 முதல் கடல் பூங்கா. தூண்டில் போடுவதும், பவளமோ சிப்பியோ எடுப்பதும் குற்றம். மீன் வேண்டுமென்றால் கம்போங் கடையில் வறுத்துத் தருகிறார்கள்.

கழிப்பறை விஷயம்?

கம்போங்கில் கேட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில், நீர்க்கோட்டிலிருந்தும் ஓடையிலிருந்தும் நன்றாகத் தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தையும் நாப்கினையும் புதைக்காமல் பையில் திரும்பக் கொண்டுவாருங்கள். உடும்பு தோண்டிவிடும்.

கைபேசி எடுக்குமா? ஆபத்தில் யாரை அழைப்பது?

கம்போங்குகளில் எடுக்கும். மலை மறைக்கும் கிழக்கில் நம்ப முடியாது. கையடக்கக் கடல் வானொலி ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. கரையில் 999. இவற்றுக்கு முன்னால், அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்குள் போய்ச்சேருவோம் என்பதைப் புறப்படும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ஜுவாராவில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தீர்களாமே, விடுமுறை வீண்தானே?

எல்லோரும் கேட்பது இதைத்தான். திட்டத்திலேயே ஒரு நாளை எதுவும் எழுதாமல் விட்டிருந்தோம். இரண்டாவது நாளைக் காற்று தானாக எடுத்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் குடாவுக்கு வெளியே வெள்ளை நுரை தெரிந்தது. தம்பிக்கு அலுவலக விடுப்பு முடிகிற கவலை. "குடாவுக்குள் அமைதியாகத்தானே இருக்கிறது, போய்ப் பார்ப்போம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம்" என்றான். கடலில் அதிகம் பேரை மாட்டிவிட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். காற்று முதுகில் இருக்கும்போது போவது எளிது, திரும்புவதுதான் முடியாது.

பக்கத்தில் ஒரு பக்சிக் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டோம். அவர் கடலைப் பார்க்கவே இல்லை, தன் படகைக் காட்டினார். அது மணலில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தது. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

அந்த இரண்டு நாளில் ஆமை முட்டைகளைக் காக்கும் இடத்துக்குப் போனோம். தெக்கேக்குக்குப் போகும் காட்டுவழியில் பாதிவரை ஏறி, ஓடையில் குளித்தோம். கிழக்கில் சூரியன் உதிப்பதை இரண்டு முறை பார்த்தோம். சீனத்திலிருந்து சிங்கப்பூர் இளவரசனை மணக்கப் பறந்து வந்த நாக இளவரசி, களைப்பாற இங்கே இறங்கி, இடம் பிடித்துப்போய்த் தீவாகவே கிடந்துவிட்டாள் என்று ஒரு பழைய கதை உண்டு. முக்குட்டுக்கு மேலே நிற்கும் இரட்டைக் கற்கொம்புகள் அவளுடையவையாம். தம்பி அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அவளுக்கும் விடுப்பு முடிந்திருக்கும்" என்றான்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

முழுச் சுற்றுக்கு வேண்டாம். தெக்கேக்குக்கும் சாலாங்குக்கும் இடையே ஒரு இரவு தங்கி வருவது அவர்களுக்குப் போதுமான சாகசம்.

திரும்பிய பிறகு செய்ய வேண்டியது?

அன்றே எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரு நாள் தள்ளினால் உப்பு காய்ந்து, ஜிப்பும் சுக்கான் கம்பியும் இறுகிவிடும். கூடாரத்தை நிழலில் உலர்த்துங்கள். வாடகைப் படகென்றால் அறைகளை விளக்குப் பிடித்துப் பாருங்கள். என் படகின் பின்னறை மூலையில் ரவை சிமெண்டாக இறுகியிருந்தது. முன்பணம் திரும்பக் கிடைக்க, அதைத் தேக்கரண்டியால் அரை மணி நேரம் சுரண்டினேன்.